வெங்காயம் வதக்க ஏர் ஃப்ரையரா? காணை வீட்டுக்கு ஒரு கணக்கு



"அம்மாவுக்கு ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன் ப்ரோ. நோ காஸ்ட் ஈஎம்ஐ தான், மாசம் ஆயிரம், ஆறே மாசம்." இதைச் சொல்றவங்க பெரும்பாலும் ஒரே மாதிரி ஆளுங்க. வேலை ஒரகடத்துலயோ மறைமலை நகர்லயோ. கையில வர்ற சம்பளம் 25,000-லிருந்து 35,000. வீடு காணை, கண்டாச்சிபுரம், விக்கிரவாண்டி பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டுல நின்னு விழுப்புரம் பஸ் பிடிக்கிறவங்க. இவங்க மனசுல இந்த ஆசையை விதைச்சது பெரும்பாலும் ஒரு முப்பது செகண்ட் ரீல். மெல்லிசா நறுக்கின வெங்காயத்தைக் கூடையில போடுறாங்க, மூடுறாங்க, அடுத்த செகண்ட்ல பொன்னிறம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லையாம்!

நம்ம சேனல்ல இந்தக் கணக்கை வேகமா சொல்லிட்டுப் போயிட்டேன். இங்க நிதானமாப் போடலாம். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: வெங்காயத்துக்காக ஏர் ஃப்ரையர் வாங்காதீங்க. வேற காரணம் இருந்தா தாராளமா வாங்குங்க. அந்த வேற காரணம் உங்களுக்கு இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி.

முதல்ல கரண்ட் பில். எல்லாரும் பயப்படுறது இதுக்குத்தான், ஆனா பயப்பட வேண்டிய இடம் இது இல்ல. சாதாரண 4 லிட்டர் மெஷின் 1,400 வாட்ஸ்னு வைங்க. 18 நிமிஷம் முழுசா ஓடினாக்கூட 0.42 யூனிட். சூடு ஏறினதும் தெர்மோஸ்டாட் நடுநடுவுல கட் பண்ணும், அதனால 0.35-ன்னு வைக்கலாம். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016-லிருந்து இருக்கு. 400 யூனிட்டுக்குள்ள இருக்குற வீட்டுக்கு ஒரு யூனிட் 5 ரூபாய்க்குள்ளதான். அப்போ ஒரு தடவைக்கு ஒண்ணே முக்கால் ரூபாய்.

அடுப்புல? 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய்னு வெச்சா கேஸ் கிலோ 63 ரூபாய். நடுத்தரத் தீயில கால் மணி நேரம் எரிஞ்சா சுமாரா 35-லிருந்து 40 கிராம் போகும். ரெண்டரை ரூபாய்க்குள்ள. கேட்டா மெஷின் ஜெயிச்ச மாதிரி இருக்கும். ஆனா பிரியாணிக்கு அரை கிலோ வெங்காயம் வேணும்னா 4 லிட்டர் கூடையில ஒரே தடவையில வராது. ரெண்டு ஈடு போடணும். அப்ப மூன்றரை ரூபாய். அதாவது ஒரு ரூபாய் இந்தப் பக்கம், ஒரு ரூபாய் அந்தப் பக்கம். இதுக்காக யாரும் மெஷின் வாங்கவும் வேண்டாம், வேண்டாம்னு ஒதுக்கவும் வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டுல ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து ரெண்டு மாசத்துக்கு 480, 490 யூனிட்ல வந்து நிக்குதுன்னா கொஞ்சம் யோசிங்க. 2022 செப்டம்பர்ல மாத்தின ஸ்லாப் முறையில 500-ஐத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல. அதோட 101-லிருந்து 200 வரைக்குமான சலுகை ரேட்டும் போயிடும். அந்த ஒரு தாண்டல்லயே பில் 200 ரூபாய்க்கு மேல எகிறும். தினமும் ஒரு தடவை மெஷினை ஓட்டினா ரெண்டு மாசத்துக்கு 20-லிருந்து 25 யூனிட் கூடும். 490-ல நிக்கிற வீட்டுக்கு இது போதும் தாண்ட.

சரி, எண்ணெய்க்கு வருவோம். "எண்ணெய் மிச்சம்"ங்கறதுதான் இந்த மெஷினோட முழு விற்பனைப் பேச்சு. 2024 செப்டம்பர்ல மத்திய அரசு சமையல் எண்ணெய் மேல இறக்குமதி வரியை ஏத்தினதும் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறுச்சு. அதுக்கப்புறம் இந்தப் பேச்சுக்கு இன்னும் மவுசு. (2025 மே கடைசியில கச்சா எண்ணெய்க்கான வரியைக் குறைச்சாங்க. கடையில விலை ஏறுன வேகத்துல இறங்குச்சான்னு உங்க வீட்டு மளிகைச் சீட்டைப் பாருங்க.)

ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு அம்மா அரை கிலோ வெங்காயம் பொரிக்கிறாங்க. சட்டியில 300 மில்லி எண்ணெய் ஊத்துறாங்க. வெங்காயம் அதுல எவ்வளவு குடிக்கும்? 50, 60 மில்லி. மிச்ச எண்ணெயை யாரும் கொட்டுறதில்ல. அதே எண்ணெய்லதான் பட்டை, கிராம்பு தாளிக்கிறாங்க. வெங்காயம் பொரிச்ச எண்ணெய்க்குன்னே ஒரு வாசனை இருக்கு, பிரியாணிக்கு அதுதான் உயிர். ஏர் ஃப்ரையர்லயும் ரெண்டு டீஸ்பூன் எண்ணெய் பிசறணும், இல்லைன்னா வெங்காயம் பேப்பர் மாதிரி காயும். ஆக உண்மையான மிச்சம் சுமார் 50 மில்லி. லிட்டர் 160 ரூபாய்னா, 8 ரூபாய்.

6,000 ரூபாய் மெஷின். ஒரு தடவைக்கு 8 ரூபாய் மிச்சம். 750 தடவை பொரிச்சாத்தான் போட்ட காசு திரும்பும். வாரம் ஒரு பிரியாணின்னா 14 வருஷத்துக்கு மேல. இந்த மெஷினுக்கு வாரன்டி எத்தனை வருஷம்னு டப்பாவுல பாருங்க.

சாம்பார், குழம்புக்கு வதக்குற வெங்காயத்துக்கு இந்தக் கணக்கே தேவையில்ல. அங்க ஊத்துறதே ரெண்டு ஸ்பூன் எண்ணெய்.

இன்னொரு விஷயம், இந்த மெஷின் எதுக்காக வந்துச்சுன்னு பாருங்க. 2010-ல பெர்லின்ல நடந்த ஐஎஃப்ஏ கண்காட்சியில பிலிப்ஸ் கம்பெனி இதை அறிமுகப்படுத்தினப்ப முன்னால நிறுத்தினது உருளைக்கிழங்கு வறுவலைத்தான். வீட்டுல லிட்டர் கணக்குல எண்ணெய் காய வெச்சு ஃப்ரைஸ் போடுற ஐரோப்பியக் குடும்பத்துக்கு அது பெரிய மாற்றம். வெங்காயம் அந்த ஜாதி இல்ல. நூறு கிராம் வெங்காயத்துல கிட்டத்தட்ட 89 கிராம் தண்ணி. அந்தத் தண்ணி போன பிறகுதான் நிறம் மாறவே ஆரம்பிக்கும். சட்டியில எண்ணெய் ஒவ்வொரு துண்டையும் சுத்தி நின்னு ஒரே சீரா சூட்டைக் கொடுக்கும். காத்துக்கு அந்தத் திறமை கிடையாது. அதான் ஓரம் கருகி நடுவுல வெள்ளையா நிக்குது. மெல்லிசா நறுக்கினது காய்ஞ்சதும் காத்துல பறந்து மேல இருக்குற ஹீட்டர் கம்பியில போய் ஒட்டிக்கும். ரீல்ல அதைக் காட்ட மாட்டாங்க.

இப்ப கொஞ்சம் பழைய கதை. 2011-ல தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்குச்சு. எங்க காணை ஒன்றியத்து கிராமங்கள்லயும் வந்து இறங்குச்சு. அந்தத் திட்டத்து மேல ஆயிரம் அரசியல் விமர்சனம் வைக்கலாம். ஆனா ஒரு பொருள் ஒரு வீட்டுக்குள்ள ஏன் நுழையணுங்கறதுக்கு அந்த கிரைண்டர் நல்ல உதாரணம். ஆட்டுக்கல்லுல குனிஞ்சு உக்காந்து அம்மாங்க மாவாட்டின ஒரு மணி நேரம் அவங்களுக்குத் திரும்பக் கிடைச்சுது. இடுப்புவலி குறைஞ்சுது. என்னோட அளவுகோல் இதுதான்: இந்தப் பொருள் யாரோட எந்த வேலையை எடுத்துக்குது?

வெங்காயத்துல கஷ்டமான வேலை எது? உரிக்கிறது, நறுக்குறது. கண்ணுல தண்ணி வர்றது அங்கதான். ஏர் ஃப்ரையர் உரிக்காது, நறுக்காது. கயிறு இழுக்கிற சின்ன சாப்பர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, அம்மாவோட கையை அது அதிகமா காப்பாத்தும். நியாயமா ஒண்ணை ஒத்துக்கணும். அக்னி நட்சத்திர வெயில்ல, விழுப்புரம் மாவட்டத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சமையலறையில, அடுப்பு முன்னால இருபது நிமிஷம் நின்னு கிளறுறது தண்டனை. மெஷின்ல நாலு தடவை கூடையை உருவிக் குலுக்கினா போதும். அந்த சௌகரியத்துக்கு விலை இருக்கு. அதுக்காக வாங்கறேன்னு சொன்னா நான் வாயை மூடிக்கிறேன். "காசு மிச்சம்"னு சொல்லி வாங்காதீங்க, அவ்வளவுதான்.

இனி ஈஎம்ஐ. நோ காஸ்ட்னு பேர் இருந்தாலும் வட்டி இல்லாம கடன் கிடையாது. பூஜ்ய சதவீத வட்டிங்கற விஷயமே இல்லைன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்கு எழுதிடுச்சு. இப்ப நடக்குறது என்னன்னா, கடைக்காரர் வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுப்பார், வங்கி அந்த வட்டியை உங்ககிட்ட வாங்கிக்கும். 6,000 ரூபாய், ஆறு மாசம், 16 சதவீதம்னா வட்டி சுமார் 270 ரூபாய். அது தள்ளுபடியில சரியாயிடும். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 49 ரூபாய், உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீஸ் 199 ரூபாய்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 284 ரூபாய் காஸ்ட் உள்ள நோ காஸ்ட். எண்ணெய் மிச்சத்துல இதை மட்டும் எடுக்கவே 35 பிரியாணி பண்ணணும்!

கார்டு இல்லாம ஃபைனான்ஸ் கம்பெனி மூலமா வாங்கினா அது சிபில் ரிப்போர்ட்ல தனிக் கடனா ஏறும். மொபைலுக்கு ஒண்ணு, ஏர் ஃப்ரையருக்கு ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணுன்னு நிக்கும்போது, ஆயிரம் ரூபாய் தவணை ஒண்ணு பவுன்ஸ் ஆனாலும் அந்தத் தழும்பு வருஷக்கணக்கா இருக்கும். நாளைக்கு ஊர்ல வீடு கட்ட லோன் கேட்டுப் போறப்ப மேனேஜர் அதைத்தான் முதல்ல பார்ப்பார். 28,000 சம்பளத்துல 10,000 வீட்டுக்கு அனுப்புறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

வீட்டுல பவர் பிளக் இருக்கான்னும் பாருங்க. 1,400, 1,500 வாட்ஸ் மெஷின் 6 ஆம்பியருக்கு மேல இழுக்கும். ஃபேன், டிவி சொருகுற சின்ன பாயிண்ட் இதுக்கு ஆகாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேணும். பழைய வீடுகள்ல பல இடத்துல சமையலறையில அது இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு தனி லைன் இழுக்கணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி, அது உருகி, மெஷின் மறுபடி டப்பாவுக்குள்ள போய் பரண்ல ஏறினதைப் பல வீட்டுல பார்த்திருக்கேன். "எதுக்குடா இதெல்லாம், ஒரு நல்ல இரும்புச் சட்டி வாங்கிட்டு வந்திருக்கலாம்ல"ன்னு அம்மா கேப்பாங்க. பதில் சொல்ல முடியாது.

அப்ப யாருக்கு லாபம்? ஆச்சரியம் என்னன்னா, காணையில இருக்குற அம்மாவை விட, ஒரகடம் ரூம்ல இருக்குற உங்களுக்குத்தான். நாலு பேர் தங்குற ரூம். சமைக்க யாருக்கும் நேரமில்ல. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஆப்ல ஆர்டர். டெலிவரி, பேக்கிங் எல்லாம் சேர்த்து 180 ரூபாய். அதே சிக்கனை, இல்ல முட்டை வெச்ச பிரெட்டை, மெஷின்ல பண்ணா 60 ரூபாய். ஒரு தடவைக்கு 120 மிச்சம். 50 தடவையில 6,000 திரும்பிடும். வாரம் ரெண்டு தடவைன்னா ஆறு மாசம். ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினாக்கூட கணக்கு தாங்கும். நாலு பேர் சேர்ந்து ரொக்கமா போட்டா ஆளுக்கு 1,500 தான், ஈஎம்ஐயே வேண்டாம். வீட்டுல அப்பாவுக்கு டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கார், ஆனா அவரால வறுவல் இல்லாம இருக்க முடியலைன்னா, அதுவும் சரியான காரணம். அங்க 8 ரூபாய் கணக்குப் பார்க்கக் கூடாது.

வெங்காயத்துல நிஜமாவே காசு மிச்சம் பண்ணணும்னா தெருவுல மைக் கட்டிக்கிட்டு வர்ற லோடு வண்டியைக் கவனிங்க. விலை இறங்கின மாசத்துல அஞ்சு கிலோவா வாங்கி, உருளைக்கிழங்கோட சேர்க்காம, காத்தோட்டமா பரப்பி வைங்க. 2019 டிசம்பர்ல கிலோ 100-ஐத் தாண்டினது ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர்ல ஏற்றுமதிக்குத் தடை போட்டாங்க, 2024 மே மாசம் எடுத்தாங்க. நாசிக் பக்கம் மழை தப்பினா நம்ம சட்டியில தெரியும். அந்த ஏத்த இறக்கம் முன்னால 50 மில்லி எண்ணெய் ஒண்ணுமே இல்ல.

ஏற்கனவே மெஷின் வாங்கிட்டீங்களா? அப்ப வீணாக்க வேண்டாம். வெங்காயத்தை ரொம்ப மெல்லிசா நறுக்காதீங்க, 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். கொஞ்சம் உப்பு, ரெண்டு டீஸ்பூன் எண்ணெய் போட்டுக் கையால பிசறுங்க. 180 வேண்டாம், 150-லிருந்து 160 டிகிரி. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை குலுக்குங்க. முழுப் பொன்னிறம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலயே, 18 நிமிஷம் வாக்குல எடுத்துத் தட்டுல பரப்புங்க, ஆறும்போது மிச்ச நிறம் ஏறும். வெங்காய பஜ்ஜியை மட்டும் இதுல முயற்சி பண்ணாதீங்க, மாவு கூடை ஓட்டை வழியா வழிஞ்சு அடியில அடையாகும். சின்ன வெங்காயம் இருந்தா தோலோட அப்படியே 180-ல 12-லிருந்து 15 நிமிஷம் சுட்டு எடுங்க. தோல் தானா கழண்டு வரும். ரெண்டு வரமிளகாய், புளி, உப்பு சேர்த்து மிக்சியில ஒரு சுத்து. இட்லிக்கு அந்தத் துவையல் பிரமாதமா இருக்கும்.