ஆங்கில வகுப்பில் பன்முக நுண்ணறிவு: பணிகள் பலவாகட்டும், பிள்ளைகளை வகை பிரிக்க வேண்டாம்

உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாங்கள். பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டைப் பாடம் திட்டமிடப் பயன்படுத்தலாம், மாணவர்களை வகை பிரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

ஹார்வர்டு உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் 1983இல் மொழி, தர்க்கம், இசை, வெளி, உடலியக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு நுண்ணறிவுகளைச் சொன்னார். இயற்கையை அறிதல் பின்னர் எட்டாவதாகச் சேர்ந்தது. ஆசிரியப் பயிற்சியில் இந்தப் பட்டியல் மனப்பாடக் கேள்வியாகிவிட்டது. இவை உண்மையில் தனித்தனித் திறன்களா என்று உளவியலாளர்கள் பலர் ஐயப்படுவதைப் பயிற்சியில் யாரும் சொல்வதில்லை. தன் கோட்பாடும் ‘கற்றல் பாணி’யும் ஒன்றல்ல என்று கார்ட்னரே எழுதியிருக்கிறார். பாணி பார்த்துக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று உளவியலாளர் பாஷ்லர் குழுவினரின் 2008ஆம் ஆண்டு மதிப்பாய்வும் முடிவு சொன்னது.

இருந்தும் ஒவ்வொரு மாணவரின் நுண்ணறிவு எது என்று கண்டறிவதற்கான வினாப்படிவங்கள் வகுப்புக்கு வருகின்றன. ‘எனக்குப் பாட்டுப் பிடிக்கும்’ என்ற வரிக்கு டிக் போட்டவன் இசை நுண்ணறிவுக்காரன் ஆகிவிடுகிறான். அவன் சொன்னது விருப்பம், திறன் அல்ல. படிவம் ஆங்கிலத்தில் இருந்தாலோ, வாசிக்கத் தடுமாறும் பிள்ளை பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து டிக் போடுகிறது. அடுத்த வாரமே ஆசிரியர் அறையில், “அவன் விளையாட்டுப் பையன் சார், இங்கிலீஷ் ஏறாது” என்ற பேச்சு வருகிறது. ‘மெல்லக் கற்போர்’ பட்டியலே புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்புகிறது.

நாங்கள் ஏற்பது வேறு வகைப் பயன்பாட்டை. பத்தாம் வகுப்பில் ‘தாரிணி’ பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய கடற்படைப் பெண் அதிகாரிகள் அறுவர் பற்றிய பாடம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி ஃப்ரிமாண்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக 2018 மே மாதம் திரும்பினார்கள். உலக வரைபடத்தைத் தரையில் விரித்து, ஒருவர் படகை நகர்த்த, மற்றவர் எங்கே போனார்கள், என்ன நடந்தது என்று இறந்தகால வினைகளில் சொல்லட்டும். பிறகு இடம் மாறட்டும். வரைபடம் பிடித்தவனுக்கு அது நுழைவாயில், ஆனால் ஆங்கில வாக்கியம் எல்லார் வாயிலிருந்தும் வர வேண்டும். அதே பாடவேளை முழுக்க வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக் கழிந்தால் அது ஓவிய வகுப்பு. நல்ல வகுப்புதான், ஆங்கில வகுப்பு அல்ல.

இசை, நடிப்பு, குழு வேலை எதற்கும் இதே அளவுகோல்தான்: பணி முடியும்போது பிள்ளை எத்தனை வாக்கியம் பேசியது, எழுதியது?

பொதுத்தேர்வு குறுக்கே நிற்கிறது என்பதும் உண்மை. வரைபடம் பார்த்து வழி சொல்லும் கேள்விக்கு, வாய் திறந்து ஒருவருக்கும் வழி சொல்லாமலே, ‘கோ ஸ்ட்ரெயிட், டேக் த செகண்ட் லெஃப்ட்’ என்று மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கலாம். பேச்சுக்கு மதிப்பெண் இல்லாதவரை, பேச வைக்கும் பணிகள் டிசம்பருக்கு மேல் வகுப்பில் நிலைக்காது.

ஆகவே பள்ளிக்கல்வித் துறையிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் பேசுதல், கேட்டல் திறன்களுக்கு மதிப்பெண் ஒதுக்க வேண்டும். நுண்ணறிவு வினாப்படிவ முடிவுகளை மாணவர் பதிவேடுகளில் ஏற்றக் கூடாது. எங்கள் உறுப்பினர்கள் அத்தகைய படிவங்களை வகுப்பில் கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.