இல்லறச் சோலை: பேசாப் பொருள்

தம்மைத் தாமே கண்டறியச் செல்லும் முகாம்கள் மேலை நாடுகளில் மிகுந்துள்ளன. கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் மைக்கேல் மர்பி, ரிச்சர்டு பிரைஸ் என்னும் இருவர் 1962இல் தொடங்கிய எசலன் நிறுவனம் இவற்றுக்கு முன்னோடி. முன்பின் அறியாதோர் அங்கே வட்டமாய் அமர்ந்து, உள்ளத்தில் உள்ளதை ஒளிக்காமல் கூறினர். உடலும் பாலுணர்வும் அப்பேச்சிற்கு விலக்கல்ல.

‘இதெல்லாம் நமக்கு எதற்கு?’ என வாசகர் முகம் சுளிக்கலாம். அம்முறை நமக்கும் உடன்பாடன்று. ஆயினும் அங்குச் சென்றோரின் ஏக்கத்தை நாம் இகழமாட்டோம். இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் இதுபற்றித் தமக்குள் ஒரு சொல்லும் பேசியிராத தம்பதியர் நம் பங்குகளில் எத்தனை பேர்! பள்ளிக் கட்டணம், தங்கையின் நிச்சயதார்த்தம், கூரை ஒழுக்கு எல்லாம் பேசுவர். இதை மட்டும் பேசார். பேசுவதே பாவமோ என்ற அச்சம் வேறு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979 முதல் 1984 வரை தம் புதன்கிழமை மறையுரைகளில் மனித உடலையும் மண அன்பையும் பற்றி 100க்கு மேற்பட்ட முறை பேசினார் என்பதை அறிந்தோர் அவ்வச்சத்தை விடலாம்.

அதே 1962இல், ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில், அருட்தந்தை கபிரியேல் கால்வோ 28 தம்பதியருக்கு ஒரு வார இறுதித் தியானம் நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததே நம் நாட்டிற்கும் வந்துள்ள ‘மேரேஜ் என்கவுண்டர்’ இயக்கம். இங்கும் உள்ளம் திறக்கப்படுகிறது; ஆனால் கூட்டத்தின் முன் அன்று. சில தம்பதியரும் ஒரு குருவும் தம் வாழ்விலிருந்து பேசி, ஒரு வினாவை வைப்பர். கணவனும் மனைவியும் தனித்தனியே குறிப்பேட்டில் விடை எழுதுவர். பின்பு அறையில் குறிப்பேடுகளை மாற்றிக்கொண்டு இருமுறை வாசிப்பர், ஒருமுறை அறிவால், மறுமுறை இதயத்தால். அதன் பின்னரே பேச்சு. எழுதிய உணர்வைச் சரி, தவறு எனத் தீர்ப்பிடுதல் ஆகாது. வேறெவரும் அதைக் கேட்பதுமில்லை. ‘நான் களைத்திருக்கிறேன், ஆனால் நீங்கள் விலகிப் படுத்தால் அஞ்சுகிறேன்’ என ஒரு மனைவி நேரில் சொல்வாளா? எழுதுவாள்.

ஒன்று கூறவேண்டும். இத்தியானம் ஓரளவு நன்றாய் நடக்கும் இல்லறங்களுக்கே உரியது. முறிவின் விளிம்பில் நிற்போருக்கெனக் கனடாவில் 1977இல் தோன்றிய ‘ரெட்ரூவாய்’ வேறு. அதில் வார இறுதிக்குப் பின்னும் சில மாதங்கள் சந்திப்புகள் தொடரும். கணவன் கை நீட்டும் வீட்டிலோ, குறிப்பேட்டுக்கு முன் அவளுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும்.

பத்து நிமிடம் எழுதுக, பத்து நிமிடம் பேசுக என்பதே இயக்கத்தார் வீட்டிற்குக் கொடுத்தனுப்பும் பயிற்சி. தியானத்திற்குச் செல்ல இயலாதோரும் பிள்ளைகள் உறங்கியபின் இதனை முயன்று பார்க்கலாம். குறிப்பேட்டை மட்டும் அவர்கள் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.