பவானி, பாம்பாறு நீர்ப்பிடிப்பு மண்ணைக் காக்கும் மக்கள் குழுக்கள்: திட்டம் முடிந்த பின் என்ன? – ஓர் அலசல்

பாலக்காடு / இடுக்கி: தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள கேரள மலைப்பகுதிகளான அட்டப்பாடியிலும் மறையூர் – வட்டவடைப் பகுதியிலும் வறண்ட மண்ணை மீட்கும் பணி, பழங்குடி ஊர்க் குழுக்களையும் சிறு விவசாயிகளையும் நம்பியே நடந்து வருகிறது. அரசுத் திட்டங்கள் முடிவுக்கு வந்த பின்னரும் இக்குழுக்கள் நிலைத்து நிற்குமா என்ற கேள்வி, கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்ட மக்களையும் தொட்டு நிற்கிறது.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்று மட்டுமே: கபினி, பவானி, பாம்பாறு. இவற்றுள் பவானி, நீலகிரியில் தோன்றி, பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி வழியாக ஓடி, மீண்டும் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. கோவையின் தாகம் தீர்க்கும் சிறுவாணியும் அட்டப்பாடியில்தான் பவானியோடு கலக்கிறது. இடுக்கி மாவட்டத்தின் மறையூர் மலைகளிலிருந்து இறங்கும் பாம்பாறு, அமராவதி அணையை நிரப்புகிறது.

காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பில் கேரளத்திற்கு 30 டிஎம்சி ஒதுக்கப்பட்டது. அதில் கபினிப் படுகைக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3 டிஎம்சி. 2018-இல் உச்ச நீதிமன்றமும் கேரளத்தின் பங்கை மாற்றவில்லை. ஆனால் பங்கீட்டுக் கணக்கில் இடம்பெறுவது நீரின் அளவு. அந்த நீரைப் பிடித்து வைத்து மெல்லக் கசியவிடும் மண்ணின் நிலை, அக்கணக்கிற்கு வெளியே நிற்கிறது.

அட்டப்பாடி: 219 கோடி ரூபாய்ப் பாடம்

சுமார் 745 சதுர கி.மீ. பரப்புள்ள அட்டப்பாடியில் அகளி, புதூர், சோலையூர் என மூன்று ஊராட்சிகள் உள்ளன. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் 190-க்கும் மேற்பட்ட ஊர்களில் வாழ்கின்றனர். மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மி.மீ. வரை மழை பெய்யும். கிழக்கே ஆனைகட்டியை நோக்கிச் செல்லச் செல்ல அது 1,000 மி.மீட்டருக்கும் கீழே குறைந்துவிடுகிறது. மழை மறைவுப் பகுதியான இந்தக் கிழக்குச் சரிவில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காடு அழிந்ததும் மேல்மண் அடித்துச் செல்லப்பட்டது. எல்லையை ஒட்டி ஓடும் கொடுங்கரைப்பள்ளம் கோடையில் வறண்ட ஓடையானது.

இந்நிலையை மாற்ற, ஜப்பானின் கடனுதவிக்கு 1996-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 219 கோடி ரூபாய் மதிப்பிலான அத்திட்டத்தைச் செயல்படுத்த, 'அஹாட்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. ஒப்பந்ததாரர்களிடம் பணியை விடாமல், ஒவ்வொரு பழங்குடி ஊரிலும் 'ஊரு விகசன சமிதி' என்ற ஊர் மேம்பாட்டுக் குழுவை அமைத்து, பணியையும் கணக்கையும் அக்குழுவிடமே ஒப்படைத்தது இத்திட்டத்தின் சிறப்பு. கல் வரப்பு, தடுப்பணை, மரக்கன்று நடவு, கூட்டு வன மேலாண்மை, வீடு கட்டுதல் ஆகியவை இக்குழுக்களின் வழியே நடந்தன.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. மொட்டைக் குன்றுகள் பசுமை போர்த்தின. கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீரோட்டம் தோன்றியது. தரிசு நில மீட்புக்கு அட்டப்பாடி ஒரு முன்மாதிரி என்று பேசப்பட்டது.

பசுமை திரும்பியது, உணவு திரும்பவில்லை

2010-ஆம் ஆண்டை ஒட்டித் திட்டம் முடிவுக்கு வந்தது. கூலி நின்றதும் ஊர்க் குழுக்கள் பலவும் செயலிழந்தன. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள், 2012–13 காலகட்டத்தில், அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மார்களின் இரத்தசோகையும் ஊட்டச்சத்துக் குறைவும் முக்கியக் காரணங்களாகச் சுட்டிக்காட்டப்பட்டன.

மலை பசுமையாகி, ஓடையில் நீர் ஓடிய இடத்தில் பட்டினியின் சாயல் ஏன் விழுந்தது? விடை, நிலத்தின் உரிமையிலும் அதில் விளைந்த பயிரிலும் இருக்கிறது. 1951-இல் அட்டப்பாடி மக்கள்தொகையில் சுமார் 90 விழுக்காடாக இருந்த பழங்குடியினர், பின்னர் பாதிக்கும் கீழே சுருங்கினர். குடியேற்றத்தோடு நிலமும் கைமாறியது. ராகி, சாமை, துவரை, அவரை என்று கலந்து விதைக்கும் பழங்குடியினரின் மரபுச் சாகுபடி மறைந்து, தட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது.

பறிபோன நிலத்தைத் திருப்பி அளிக்க 1975-இல் கேரளச் சட்டப்பேரவை சட்டம் இயற்றியது. அது முழுமையாகச் செயல்படும் முன்பே, 1999-இல் வேறொரு சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரையிலான வேளாண் நிலத்தை வாங்கியவரே வைத்துக்கொள்ளலாம், பழங்குடியினருக்கு மாற்று நிலம் தரப்படும் என்றது அச்சட்டம். கல் வரப்பு கட்டியவருக்கே அந்த நிலத்தில் உறுதியான உரிமை இல்லையென்றால், வரப்பைப் பேணும் அக்கறை எத்தனை நாள் நீடிக்கும் என்ற கேள்வி இங்குதான் எழுகிறது.

2013-க்குப் பிறகு அணுகுமுறை மாறியது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ், கேரளத்தின் 'குடும்பஸ்ரீ' பெண்கள் அமைப்பு அட்டப்பாடிக்கெனச் சிறப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சமுதாயச் சமையல்கூடங்களும், பெண்கள் குழுக்களின் தரிசு நிலச் சாகுபடியும் ஒருசேர முன்னெடுக்கப்பட்டன. 2017-இல் கேரள அரசின் சிறுதானிய கிராமத் திட்டமும் இங்கு வந்தது. மண்ணைக் காப்பதும் உணவை விளைவிப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்கள் என்ற புரிதல், தாமதமாகவேனும் பிறந்தது.

இடுக்கி எல்லை: விதையும் சந்தையும்

தெற்கே, உடுமலைப்பேட்டையிலிருந்து மலையேறினால் வரும் சின்னாறு வனவிலங்கு சரணாலயமும் மழை மறைவுப் பகுதியே. இங்குள்ள முதுவர், மலைப்புலையர் குடிகளில் வனத்துறையின் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் இயங்குகின்றன. தாயண்ணன்குடியில் வழக்கொழிந்த ராகி வகைகளின் விதைகளைத் தேடிச் சேகரித்து, 'புனர்ஜீவனம்' என்ற பெயரில் மீண்டும் பயிரிட்டனர். மறையூரில் நடைபெறும் 'சில்லா' வாரச்சந்தையில், பழங்குடியினர் கொண்டுவரும் விளைபொருள்கள் இடைத்தரகர் இன்றி ஏலம் விடப்படுகின்றன.

அட்டப்பாடியில் விடுபட்டுப்போன ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. விளைவித்ததை விற்க ஓர் இடமும், விலையைப் பேச ஒரு குழுவும் இருந்தால், கூலி நின்ற பிறகும் நிலத்தில் உழைக்கக் காரணம் மிஞ்சும்.

புவிசார் குறியீடும் இவ்வகையில் உதவக்கூடியதே. மறையூர் வெல்லம் 2019-இல் அக்குறியீட்டைப் பெற்றது. 2022-இன் இறுதியில் கேரளத்தின் ஐந்து வேளாண் பொருள்கள் ஒரே வேளையில் குறியீடு பெற்றன. அவற்றுள் அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரை, அட்டப்பாடி துவரை, காந்தளூர் – வட்டவடை வெள்ளைப்பூண்டு ஆகிய மூன்றும் இந்த எல்லைப் பகுதியின் விளைச்சலே.

எனினும் குறியீடு மட்டுமே காவல் ஆகாது. பிற பகுதி வெல்லம் மறையூர் வெல்லம் என்ற பெயரில் விற்கப்படுவதாக விவசாயிகள் நெடுநாளாக முறையிட்டு வந்துள்ளனர். பெயரைப் பயன்படுத்துவோரைக் கண்காணிக்க வலுவான உற்பத்தியாளர் அமைப்பு இல்லாவிட்டால், பெயரின் பயன் வியாபாரிக்கே போய்ச் சேரும்.

தைலமரம் என்னும் முரண்

வட்டவடையில் காய்கறி விளையும் படிக்கட்டு வயல்களுக்கு அருகிலேயே யூகலிப்டஸ் தோப்புகளும் பரவின. நட்டுவிட்டால் பராமரிப்புச் செலவு குறைவு, வெட்டினால் மொத்தமாகப் பணம் என்பதே சிறு விவசாயியின் கணக்கு. அதன் விலையாக ஊற்றுகள் வற்றின. வனப்பகுதியிலும் யூகலிப்டஸ், சீகை ஆகிய அயல் மரங்கள் சோலைப் புல்வெளிகளை விழுங்கின. ஆனைமுடி சோலைப் பகுதியின் பழத்தோட்டத்தில், 2019 தீ விபத்துக்குப் பின்னர் அயல் மரங்கள் நின்ற இடத்தில் புல்வெளியை மீட்கும் பணி, உள்ளூர் மக்களின் பங்கேற்போடு மேற்கொள்ளப்பட்டது.

2021-இல் கேரள அரசு வெளியிட்ட சூழல் மீட்புக் கொள்கை, அயல் மரங்களைப் படிப்படியாக அகற்ற வழிசெய்தது. ஆனால் 2024 மே மாதம், வன மேம்பாட்டுக் கழகம் மீண்டும் யூகலிப்டஸ் நட அனுமதி அளிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால், இருக்கும் மரங்களை வெட்ட மட்டுமே அனுமதி என்று அந்த ஆணை திருத்தப்பட்டது. ஒரு கையால் புல் நடுவதும் மறு கையால் தைலமரம் நடுவதும் ஒன்றாகச் செல்லா என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

அடுத்து என்ன?

2030-க்குள் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேர் சீர்குலைந்த நிலத்தை மீட்போம் என்று 2019-இல் இந்தியா அறிவித்தது. அந்த இலக்கை நோக்கிச் செல்லும் திட்டங்களுக்கு இந்த எல்லை மலைகள் சொல்லும் பாடங்கள் மூன்று.

முதலாவது, குழுவுக்குப் பணி மட்டுமல்ல, உரிமையும் வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006, காட்டைப் பேணவும் ஆளவும் சமூக உரிமை வழங்க இடமளிக்கிறது. அருகிலுள்ள திருச்சூர் மாவட்டத்தின் வாழச்சாலில், காடர் குடிகள் 2014-இல் அந்த உரிமையைப் பெற்றனர்.

இரண்டாவது, மீட்பின் அளவுகோல் நட்ட மரங்களின் எண்ணிக்கையாக இருந்தால் போதாது. அவ்வூர்த் தாயின் தட்டில் என்ன இருக்கிறது என்பதும் அதில் அடங்க வேண்டும். யானையும் காட்டுப்பன்றியும் வயலை அழித்தால் சிறுதானியச் சாகுபடி ஒரே பருவத்தில் கைவிடப்படும் என்பதால், பயிர்ப் பாதுகாப்பும் இதில் சேரும்.

மூன்றாவது பாடம் சமவெளிக்கானது. பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் மட்டும் 2.07 லட்சம் ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகிறது. கொடுங்கரைக் கரையில் இருளர் ஊர் ஒன்று சரிவில் கட்டிய கல் வரப்பு உடைந்தால், மண் வந்து சேரும் இடம் இந்த அணையின் அடிவயிறு. இரு மாநிலங்களும் அமரும் மேசையில் டிஎம்சி கணக்கோடு, அந்த வரப்பை யார் பேணுவது என்ற கேள்வியும் வைக்கப்பட வேண்டும்.