அண்டாவில் வெட்டிய பெயர்

எங்கள் பொத்தேரியில் கல்லூரியை நம்பி வாடகைக்கு வருகிறவர்கள் அதிகம். மே மாதம் காலி செய்கிறார்கள். போகிற வண்டியில் நம் வீட்டு முறுக்கு அச்சும் இடியாப்பத் தட்டும் சேர்ந்தே போய்விடும். அவற்றுக்கெல்லாம் நான் சண்டைக்குப் போனதில்லை.

பித்தளை அண்டா போனது வேறு விதம். பக்கத்து வீட்டில் வளைகாப்பு. நான் வேலைக்குப் போயிருந்தேன். "அதுக்கென்ன, எடுத்துட்டுப் போங்கம்மா" என்று தூக்கிக் கொடுத்தவர் என் கணவர். தங்கமான மனுஷன் என்றது தெரு. எட்டு மாதம் கழித்து, அவர்கள் வீடு மாறிய பிறகு, அதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றேன். "ஒரு அண்டாவுக்கா இந்தப் பாடு?" என்று அதே தெரு சிரித்தது. கொடுத்த பெயர் அவருக்கு, கேட்ட பெயர் எனக்கு.

நாலு வீட்டுக்கு ஓர் அண்டா போதும், தாராளமாகக் கை மாறட்டும். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? இதே மனிதர் நண்பருக்குப் பத்தாயிரம் கொடுத்தபோது ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிப் புரோநோட்டு வாங்கினார். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரியும். அதை யாரும் அற்பத்தனம் என்று சொல்லவில்லை. பணம் என்றால் கணக்கு, பாத்திரம் என்றால் பெருந்தன்மையாம்!

அந்த அண்டா அம்மா வைத்த சீர். கழுத்தில் என் பெயர், கடையில் மெஷின் வைத்து வெட்டியது. வெறும் சடங்கு என்றுதான் அப்போது நினைத்தேன். 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிறகுதான் படித்தேன்: பெண்ணுக்குக் கொடுத்த சீர், புகுந்த வீட்டுக்குள் வந்துவிட்டதாலேயே கூட்டுச் சொத்தாகிவிடாது. அது அவளுக்கே முழுச் சொந்தம். நம்பி ஒப்படைத்ததைக் கணவன் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். அந்த வழக்கு கணவன் வீட்டார் சீரைப் பிடித்து வைத்துக்கொண்டது பற்றியது. பக்கத்து வீட்டுக்குப் போன அண்டாவைப் பற்றியதல்ல. ஆனால் பொருள் யாருடையது என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதானே?

போன ஞாயிறு ரயிலேறினேன். மூன்றாவது நிறுத்தம், சிங்கபெருமாள் கோவில். அந்தப் பெண் பதறிப் போய் அண்டாவைத் துலக்கிக் கொண்டுவந்தாள். "வேணும்னு வச்சுக்கல அக்கா. காலி பண்றப்ப குடுக்கத்தான் வந்தேன். சார்தான், 'பரவாயில்ல, நீங்களே வச்சுக்கோங்க'ன்னாரு."

லேடீஸ் பெட்டியில் காலுக்கிடையே வைத்துக்கொண்டு வந்தேன்.

"இனிமே அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார் வீட்டில்.

பரணில் ஏற்ற வேண்டும், ஏணியைப் பிடியுங்கள் என்றேன்.