பூட்டு யாருக்கு?

மாதக் கடைசி நாள். சம்பளப் பட்டியல் அச்சாக வேண்டும். அலுவலகத்துப் பிரிண்டரோ காகிதத்தைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. மேலாளர் மேசையைத் தட்டுகிறார். கணக்கர் கையைப் பிசைகிறார். பட்டம் பெற்றவர்கள் பலர் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்! ஒரு திருகாணியைக் கழற்ற ஒரு கையும் நீளவில்லை. பிறகு வருகிறார் ஒருவர். வெயிலில் வண்டி ஓட்டி வந்த களைப்பு முகத்திலே. தோளிலே ஒரு பை. பைக்குள்ளே திருப்புளி, மல்டிமீட்டர், பல் துலக்கித் தேய்ந்துபோன பழைய பிரஷ் ஒன்று. அரைமணி நேரத்தில் பட்டியல் அச்சாகிறது. எல்லோரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்புகிறார்கள். வந்தவர் எப்போது போனார் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

அந்தத் தோழரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் இயந்திரம், யு.பி.எஸ். என்று அலுவலகத்தை நடத்தும் பொறிகளையெல்லாம் பழுது பார்க்கிற தொழிலாளி அவர். ‘சர்வீஸ் இன்ஜினியர்’ என்று அட்டையிலே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் இருக்கும் மதிப்பு சம்பளக் கவரில் இருக்கிறதா என்பது வேறு கதை. அதற்கும் வருவோம்.

நேற்று முளைத்த தொழில் அல்ல இது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா 1930களில் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்துத் தந்தார் என்பதை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசவேண்டியதுதான். அந்தப் பொறிக்கு எண்ணெய் விட்டு, தேய்ந்த எழுத்தை மாற்றி, தளர்ந்த சுருள்வில்லை இறுக்கிக் கொடுத்த கைகளைப் பற்றி யார் பேசினார்கள்? கோத்ரெஜ் ஆலை 1955ல் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியது, 2009ல் நிறுத்தியது. அந்த அரை நூற்றாண்டும் ஊருக்கு ஊர் தட்டச்சுப் பள்ளிகள் இயங்கினவென்றால், அவற்றின் பின்கட்டிலே ஒரு மெக்கானிக் குந்தியிருந்தார் என்பதுதான் பொருள். அவருக்கு ஒரு வசதி இருந்தது. மேல்மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எந்தக் கம்பி எந்த எழுத்தைத் தூக்குகிறது என்பதை விரலால் தொட்டுக்கொண்டே போய்க் கண்டுபிடிக்கலாம். இரகசியம் என்று ஒன்று அந்தப் பொறிக்குள் இல்லை.

கம்ப்யூட்டர் வந்தது. தட்டச்சுப் பொறி பரணுக்குப் போயிற்று. மெக்கானிக் பரணுக்குப் போகவில்லை! திருப்புளியோடு சால்டரிங் அயர்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, எந்த உதிரிப்பாகம் எதற்குப் பொருந்தும் என்று கற்றார். கல்லூரி அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கெட்டுப்போன பொறி கற்றுக்கொடுத்தது.

‘இதிலென்ன பெரிய வித்தை? கழற்றுகிறான், மாட்டுகிறான்!’ என்று சொல்லும் சீமான்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் உலகெங்கும் மதர்போர்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழுந்தன. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் தரங்கெட்ட திரவத்தை நிரப்பியிருந்ததுதான் காரணம். அவை தலை வீங்கும், வெடிக்கும், பழுப்பு நிறமாய்க் கசியும். போர்டையே தூக்கியெறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்பது விற்பவர் சொல்லும் விதி. அதற்கு ஆயிரக்கணக்கில் பணம். வீங்கியதை எடுத்துவிட்டு நல்லதை வைத்துப் பற்றவைத்தால் போதும் என்பது பையோடு வந்தவர் கண்ட வழி. அதற்குச் சில ரூபாய். எத்தனையோ பள்ளிக்கூடங்களின், சிறு கடைகளின் கம்ப்யூட்டர்களுக்கு அந்தச் சில ரூபாய்தான் உயிர் கொடுத்தது.

இன்னும் கேளுங்கள். பொத்தானை அழுத்தினால் பெட்டி பீப் பீப் என்று கத்துகிறது. திரை இருண்டு கிடக்கிறது. நினைவகப் பட்டையை உருவி, அதன் பொன்முலாம் விளிம்பைப் பள்ளிப்பிள்ளையின் அழிரப்பரால் துடைத்து மாட்டினால், பல நேரம் பெட்டி எழுந்து உட்காரும். ஒவ்வொரு நாள் காலையிலும் கம்ப்யூட்டர் பழைய தேதியைக் காட்டுகிறதா? நாணயம் அளவுள்ள மூன்று வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். ஒரே பொறி மூன்று முறை கெட்டதா? நான்காம் முறை நல்ல டெக்னீஷியன் பொறியைத் தொடமாட்டார். சுவரில் இருக்கும் பிளக்கில் மீட்டரை வைத்து எர்த் இருக்கிறதா என்று பார்ப்பார். நோய் சுவரிலே இருக்க, மருந்தைப் பெட்டிக்குக் கொடுத்து என்ன பயன்?

ஆயுத பூசையன்று நடக்கும் கூத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கீபோர்டுக்குக் குங்குமம், பிரிண்டருக்கு விபூதி, யு.பி.எஸ்.ஸின் மேலே தேங்காய்! மறுநாள் அந்தப் பொடியைப் பிரஷ்ஷால் கூட்டியெடுக்க இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். தெய்வம் அதற்கு வருவதில்லை.

ஆபத்தும் இந்தத் தொழிலில் குறைவில்லை. குழாய் வைத்த பழைய மானிட்டருக்குள் இருபதாயிரம் வோல்ட்டையும் தாண்டிய மின்சாரம் இருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். லேசர் பிரிண்டரின் ஃபியூசர் இருநூறு டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. சால்டரிங் புகை மூக்கிலே ஏறுகிறது. டோனர் தூளை நாள்தோறும் சுவாசிப்பவருக்கு ஒரு முகமூடி வாங்கிக் கொடுக்க எத்தனை முதலாளிகளுக்கு மனம் வருகிறது?

இது கைவேலை மட்டுமல்ல, மூளைவேலையும்கூட என்பதைக் கண்டு எழுதியவர் நம்மவர் அல்லர்; அமெரிக்கர். ஜெராக்ஸ் கம்பெனியிலேயே ஆராய்ச்சியாளராக இருந்த ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர், நகலெடுக்கும் பொறிகளைப் பழுது பார்ப்பவர்களோடு சுற்றினார், அவர்களோடு உண்டார், அவர்கள் பேச்சைக் கேட்டார். 1996ல் நூலாக வெளியிட்டார். கம்பெனி கொடுத்த கையேட்டை வைத்து மட்டும் பொறிகள் பிழைக்கவில்லை என்பதே அவர் கண்டது. பிழை எண் ஓரிடத்தைக் காட்டும், கேடு வேறோர் இடத்தில் இருக்கும். அப்போது இருவர் உட்கார்ந்து, ‘அன்று அந்த ஆபீசிலே இப்படித்தான் ஆயிற்று’ என்று பழைய கதைகளை மாறி மாறிச் சொல்லியே கேட்டைப் பிடித்தார்கள். நம் ஊர் டீக்கடைப் பெஞ்சிலே நடப்பதும் அதுதான்! அங்கே அதை ஆராய்ச்சி என்றார்கள். இங்கே வெட்டிப்பேச்சு என்கிறார்கள்.

தோழர்களே, இத்தனை அறிவும் இப்போது ஒரு பூட்டின் முன்னால் போய் நிற்கிறது.

டோனர் கார்ட்ரிட்ஜில் ஒரு சில்லு வைக்கிறார்கள். உள்ளே தூள் நிரப்பிக் கொடுத்தாலும், சில்லு ‘தீர்ந்துவிட்டது’ என்று சொன்னால் பிரிண்டர் ஓடாது. மை பிரிண்டர்கள் சிலவற்றில், தலையைச் சுத்தம் செய்யும்போது வழியும் மையை உறிஞ்ச ஒரு பஞ்சு இருக்கிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாக உள்ளே இருக்கும் எண்ணி கணக்குப் போட்டுவிட்டால், பொறி வேலைநிறுத்தம் செய்கிறது. பஞ்சை மாற்றினாலும் எண்ணி கீழே இறங்காது. அதை இறக்குகிற மென்பொருள் கம்பெனியின் கையிலே. லேப்டாப்பின் பேட்டரியைப் பசை வைத்து ஒட்டுகிறார்கள். மதர்போர்டின் மின்சுற்று வரைபடத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்கும் அது கிடையாது. கெட்டால் திறந்து பார்க்கிறவருக்கும் கிடையாது.

நமக்கு இது புதிதா? இன்னார் படிக்கலாம், இன்னார் படிக்கக் கூடாது என்று அறிவுக்குப் பூட்டுப் போட்ட நாட்டிலே அல்லவா நாம் பிறந்தோம்! வேதத்தைச் சூத்திரன் கேட்டால் அவன் காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதிவைத்தது கௌதம தர்மசூத்திரம். ஈயத்தைக் காய்ச்சுவதையே தொழிலாகக் கொண்டவர் நம் தோழர். அவர் காய்ச்சும் ஈயம் அறுந்ததை ஒட்டுகிறது. யாருடைய காதையும் அடைப்பதில்லை. அவர் கையிலிருந்து வரைபடத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ‘உனக்கு எதற்கு இது?’ என்று கேட்கிற குரல் எந்தப் பரம்பரையின் குரல்?

கம்பெனிக்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். ‘வெளியாட்கள் தொட்டால் தீப்பிடிக்கும், தகவல் திருடு போகும், தொழில் இரகசியம் போகும்’ என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் இதையெல்லாம் விசாரித்து, 2021 மே திங்களில் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தந்தபோது, கம்பெனிகள் சொன்ன காரணங்களுக்குப் போதிய சான்று இல்லை என்றுதான் எழுதியது. முதலாளிகளின் கோட்டை என்று சொல்லப்படும் நாட்டின் ஆணையம்! அதற்கும் முன்னதாக 2017ல், லெக்ஸ்மார்க் கம்பெனி தன் கார்ட்ரிட்ஜைப் பிறர் நிரப்பி விற்கக் கூடாது என்று காப்புரிமையைக் காட்டி நடத்திய வழக்கில், அந்நாட்டு உச்சநீதிமன்றம், பொருளை விற்றதோடு காப்புரிமை தீர்ந்தது என்று தீர்ப்பளித்தது. விற்றபிறகு அது வாங்கியவன் சொத்து. இதைச் சொல்ல உச்சநீதிமன்றம் வேண்டியிருந்தது!

சட்டங்களும் வந்திருக்கின்றன. கலிஃபோர்னியா 2023ல் இயற்றிய சட்டம், நூறு டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு, உற்பத்தியை நிறுத்திய பின்னும் ஏழாண்டுகள் உதிரிப்பாகமும் கருவியும் கையேடும் தரவேண்டும் என்கிறது. நியூயார்க்கில் 2022 டிசம்பரில் கையெழுத்தானது ஒரு சட்டம். ஆனால் கடைசி நேரத்தில் அதிலே ஓட்டை போட்டார்கள். நிறுவனங்களுக்கும் அரசுக்கும் விற்கப்படும் பொறிகள் அதில் சேரா என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் கொண்டுவந்த ஆணை, சலவை இயந்திரம், குளிர்பெட்டி, கைபேசி என்று பட்டியல் போடுகிறது. பிரிண்டர் அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஒன்றிய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. உழவுக் கருவி, கைபேசி, வீட்டுப் பொருள், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகளைக் குறித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு வலைவாசலையும் திறந்தது. கம்பெனிகள் தாமாக வந்து தகவல் போடுகிற வாசல் அது. பூட்டியவனையே அழைத்து, ‘மனமிருந்தால் சாவியைக் கொடு’ என்று கேட்பதற்குப் பெயர் சட்டமா?

கவனித்தீர்களா? பட்டியலுக்குப் பட்டியல் அலுவலகத்துப் பொறி மட்டும் வெளியே நிற்கிறது. மொத்தமாக வாங்குவது அலுவலகம். பணம் பொழிவது அலுவலகம். ஆகவே பூட்டும் அங்கேதான் பலமாக இருக்கிறது.

2025 அக்டோபர் 14ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை நிறுத்திற்று. அடுத்து வந்த 11, ஒரு பாதுகாப்புச் சில்லின் புதிய வகை இல்லாத பொறிகளை ஏற்க மறுக்கிறது. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர் ஒரே நாளில் தள்ளுபடிச் சரக்கு! இதில் லினக்ஸைப் போட்டு மேலும் சில ஆண்டு ஓட்டலாம் என்று சொல்லத் தெரிந்தவரும் நம் தோழர்தான். அவரைக் கேட்காமல் வீசியெறிந்தால் எங்கே போகிறது? ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி 2022ல் உலகில் குவிந்த மின்னணுக் குப்பை ஆறு கோடியே இருபது இலட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. மிச்சத்தில் ஒரு பங்கை எரித்துச் செம்பு எடுக்கிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சம்பளக் கவருக்கு வருகிறோம் என்று சொன்னோம். அலுவலகம் ஒரு பெரிய கம்பெனிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுக்கிறது. அந்தக் கம்பெனி இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு. கடைசிப் படியில் நிற்பவர் கையில் எது மிஞ்சும்? பெட்ரோல் அவர் செலவு; ‘இத்தனை மணிக்குள் முடி’ என்ற கெடு அவர் தலையில்; உதிரிப்பாகம் வராவிட்டால் வசவும் அவருக்கே. தனியே கடை வைத்திருப்பவர் நிலையோ, பாகமும் வரைபடமும் கிடைக்காத ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார் என்பதுதான். பூட்டினால் போவது அவருடைய சோறு.

சட்டம் வேண்டும். அலுவலகப் பொறிகளையும் சேர்த்த சட்டம் வேண்டும். உதிரிப்பாகம், வரைபடம், எண்ணியை இறக்கும் மென்பொருள் ஆகிய மூன்றையும் நியாய விலையில் யாருக்கும் தரும்படி கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். அது வரும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நம் தோழர்கள் நகராட்சிகளில் இருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கிறார்கள். தொழிற்சங்க அலுவலகத்துக்கு ஒரு பிரிண்டர் வாங்குவதும் அவர்கள்தான். விலைப்புள்ளி கேட்கும் தாளிலேயே எழுதிக் கேளுங்கள்: உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? நிரப்பிய கார்ட்ரிட்ஜை இந்தப் பொறி ஏற்குமா? சர்வீஸ் கையேட்டை எங்கள் ஊர் டெக்னீஷியனுக்குக் கொடுப்பாயா? கேட்பதற்கு முன்னால், உங்கள் ஊரில் பையோடு அலைகிற அந்தத் தோழரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த மாடல் திறக்கும், எது திறக்காது என்று அவரிடம் விசாரியுங்கள். ஒரு டீ சொல்லுங்கள். அவரிடம் சொல்ல நிறைய இருக்கும்.