ஓய்வு அட்டவணையில் இருக்கணும், டாக்டர் சீட்டில் இல்லை

1.
பாஸ்கெட்பால் பார்க்கிற எல்லோருக்கும் தெரிஞ்ச சண்டை இது. நட்சத்திர வீரர் பெஞ்சில் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நடக்கிறார், பேசுறார். ஆனா இன்னைக்கு ஆட மாட்டார். ஏன்னு கேட்டா "லோட் மேனேஜ்மென்ட்". ரசிகர் வீரரைத் திட்டுகிறார். வீரர் டாக்டரைக் கை காட்டுகிறார். ரசிகனாகவும் டாக்டராகவும் இந்தச் சண்டையைப் பற்றி ஒரு நீண்ட த்ரெட். பொறுமையா படிங்க.

2.
நான் தொடர்ந்து பார்ப்பது இரண்டு லீக். ஒன்று அமெரிக்காவின் என்பிஏ. இன்னொன்று ஆஸ்திரேலியாவின் என்பிஎல். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் இரண்டும் ஒரு வீரனின் உடம்பிடம் கேட்கிற வேலை ரொம்பவே வேறு.

நம்ம ஊரிலிருந்து பார்க்கவும் வசதி. சீசன் நேரத்தில் நியூயார்க்கில் இரவு ஏழரை மணி ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணி வாக்கில். மெல்போர்னில் இரவு ஏழரை நமக்கு மதியம் இரண்டு. ஒன்று காபியோடு, இன்னொன்று மதிய சாப்பாட்டோடு.

3.
முதலில் கணக்கு.

என்பிஏவில் ஒரு அணிக்கு வழக்கமான சீசனில் 82 ஆட்டங்கள். ஒவ்வொன்றும் 48 நிமிடம். மொத்தம் 3936 நிமிடம்.

என்பிஎல்லில் 2023-24 சீசனில் ஒரு அணிக்கு 28 ஆட்டங்கள். ஒவ்வொன்றும் 40 நிமிடம். மொத்தம் 1120 நிமிடம்.

மூன்றரை மடங்கு வித்தியாசம். பிளே ஆஃப் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

4.
மொத்தத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இடைவெளி. என்பிஏவில் 82 ஆட்டங்களும் ஆறு மாதத்துக்குள் முடியணும். அதாவது சராசரியாக இரண்டு நாளைக்கு ஒன்று. சில சமயம் அடுத்தடுத்த இரண்டு இரவுகள், இரண்டு வெவ்வேறு ஊர்கள். என்பிஎல்லில் அந்த 28 ஆட்டங்களுக்கு ஐந்து மாதம் வரை கிடைத்தது. ஐந்து நாளைக்கு ஒன்று.

5.
இடைவெளி ஏன் முக்கியம்? ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் தசைநாணில் நுண்ணிய சேதம் வருது. பயப்பட ஒண்ணும் இல்லை, இயல்புதான். ஓய்வில் உடம்பு அதைச் சரி செய்து, முன்னைவிட உறுதியாக்கும். பயிற்சி பலன் தருவதே இப்படித்தான். பழுது பார்த்து முடிப்பதற்குள் அடுத்த சுமை வந்தால்? கடன் அடைக்குமுன் அடுத்த கடன் வாங்கிய கதைதான். வட்டி மெல்ல ஏறும்.

6.
2025 பிளே ஆஃப் நினைவிருக்கா? ஏப்ரலில் டேமியன் லில்லார்ட். மே மாதம் ஜேசன் டேட்டம். ஜூனில், இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டைரீஸ் ஹாலிபர்டன். மூவருக்கும் ஒரே காயம்: அக்கிலிஸ் கிழிந்தது. நாம் பேச்சுவழக்கில் "குதிகால் நரம்பு" என்போம். உண்மையில் அது நரம்பு கிடையாது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண். உடம்பிலேயே தடிமனான தசைநாண் அதுதான்.

7.
ஹாலிபர்டனுக்கு அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் கெண்டைக்கால் தசை பிடித்திருந்தது. அதோடுதான் ஆடினார். 2019 பிளே ஆஃபில் கெவின் டுராண்ட்டுக்கும் முதலில் கெண்டைக்கால் காயம். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே அக்கிலிஸ் போனது. முதல் காயம்தான் இரண்டாவதைக் கொண்டு வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வரிசை எந்த எலும்பு மூட்டு டாக்டரையும் முகம் சுளிக்க வைக்கும்.

8.
"அப்போ ஆடவே விட்டிருக்கக் கூடாதே?" என்பீங்க. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், வாழ்நாளில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். மறுபடி வாய்ப்பு வந்தாலும் ஆடத்தான் செய்வேன் என்று ஹாலிபர்டனே பிறகு எழுதினார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்பது ஜூன் மாதத்தைப் பற்றி இல்லை. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கால்களை என்ன செய்தோம் என்பதைப் பற்றி.

9.
இனி ரசிகர் பக்கம். வருஷத்துக்கு ஒரு முறை காசு சேர்த்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேட்சுக்குப் போகிறார் ஒருவர். பிள்ளை போட்டிருக்கும் பனியனில் பெயர் உள்ள வீரர் அன்றைக்கு ஆடலை. கோபம் வருமா, வராதா? வரும். நியாயமான கோபம்.

அதனால்தான் 2023-24இல் என்பிஏ 65 ஆட்ட விதியைக் கொண்டு வந்தது. எம்விபி போன்ற பெரிய விருதுகள் வேண்டுமென்றால் குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்கணும்.

10.
பார்க்க நல்ல விதி. ஆனால் அந்த விருதுகளோடு சம்பளமும் சேர்ந்திருக்கு. அதே ஹாலிபர்டனுக்கு 2024 ஜனவரியில் பின்தொடைத் தசையில் காயம். "ஆல் என்பிஏ" அணியில் இடம் கிடைத்தால் ஒப்பந்தத்தில் சுமார் 40 மில்லியன் டாலர் கூடும் என்ற நிலை. வலியை ஒரு தட்டிலும் 40 மில்லியனை இன்னொரு தட்டிலும் வைத்தால் எது இறங்கும்? டாக்டர் சொல்வதை யார் கேட்பார்?

11.
"ஓய்வு கொடுத்தால் காயம் குறையும் என்று ஆதாரம் இருக்கா டாக்டர்?" நல்ல கேள்வி. 2024 ஜனவரியில் என்பிஏ பத்து சீசன் கணக்கை வைத்து ஓர் அறிக்கை கொடுத்தது. ஆட்டங்களைத் தவிர்த்து ஓய்வெடுத்தவர்களுக்குப் பிறகு காயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. "பாத்தீங்களா, ஓய்வு வீண்" என்று பலர் கொண்டாடினார்கள்.

12.
கொஞ்சம் நில்லுங்க. வீட்டில் இருப்பவர்களைவிட ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு சொல்லலாமா? ஓய்வு யாருக்குக் கொடுப்பார்கள்? ஏற்கெனவே முட்டி வீங்கியவருக்கு, வயதானவருக்கு, பழைய காயம் உள்ளவருக்கு. அவர்களை நல்ல காலுள்ள இளைஞரோடு ஒப்பிட்டால் கணக்கு அப்படித்தான் வரும்.

இன்னொன்று. அந்தக் கணக்கில் எல்லோரும் 82 ஆட்ட அட்டவணையின் உள்ளே இருப்பவர்கள். அட்டவணையையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

13.
என் கிளினிக்கில் அடிக்கடி நடப்பது. ஒருவர் வருவார். உடம்புக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆபீஸில் லீவு கிடைக்கலை, தூக்கமில்லை, அசதி. "ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும் கொடுங்க சார்." அவருக்குத் தேவை ஓய்வு. அதைக் கொடுக்க வேண்டியது அவர் முதலாளி. ஆனால் கையெழுத்துப் போட டாக்டரிடம் அனுப்புகிறார்கள். லோட் மேனேஜ்மென்ட் என்பது இதேதான். லீக் கொடுக்க மறுத்த லீவை டாக்டர் சீட்டில் எழுதி வாங்குகிறார்கள். கடைசியில் பழி சீட்டு எழுதியவர் மேல்.

14.
என்பிஎல்லில் இந்தச் சண்டை ஏறக்குறைய இல்லவே இல்லை. 28 ஆட்டத்தில் ஒன்று என்பது கிட்டத்தட்ட நாலு சதவீதம். ஒன்றைத் தோற்றாலே பட்டியலில் இடம் மாறும். யாரையும் "சும்மா" உட்கார வைக்க மாட்டார்கள், வைக்கத் தேவையும் இல்லை. ஓய்வு அட்டவணையிலேயே இருக்கு.

15.
இன்னொரு வித்தியாசம். என்பிஏவில் கடைசி இடங்களில் முடிக்கும் அணிகளுக்கு அடுத்த டிராஃப்டில் நல்ல இளம் வீரர் கிடைக்க வாய்ப்பு அதிகம். 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்குத் தலா 14 சதவீத வாய்ப்பு. விளைவு, மார்ச் மாதத்தில் சில அணிகள் தோற்பதற்காகவே ஆடுகின்றன. என்பிஎல்லில் டிராஃப்டே கிடையாது. தோற்றால் தோல்விதான், பரிசு இல்லை. ஒரு பக்கம் ஓய்வில் நட்சத்திரம், இன்னொரு பக்கம் தோற்க நினைக்கும் அணி. அந்த 82இல் எத்தனை நிஜமான ஆட்டம்?

16.
சின்ன லீக் என்றால் சப்பை ஆட்டம் என்று நினைக்காதீங்க. 2024 என்பிஎல் இறுதித் தொடர் ஐந்தாவது ஆட்டம் வரை போனது. தாஸ்மானியா ஜாக்ஜம்பர்ஸ், லீக்கில் சேர்ந்து மூன்றாவது சீசன்தான், மெல்போர்ன் யுனைடெட்டை அவர்கள் ஊரிலேயே 83-81 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. 2022 அக்டோபரில் அடிலெய்டு 36ர்ஸ் அமெரிக்காவுக்கே போய், பயிற்சி ஆட்டத்தில் ஃபீனிக்ஸ் சன்ஸை 134-124 என்று வென்றது. என்பிஎல் அணி ஒன்று என்பிஏ அணியை வென்றது அதுதான் முதல் முறை.

17.
ஆஸ்திரேலியா சொர்க்கம் என்றும் சொல்லலை. என்பிஏவில் 2024-25க்கு ஒரு அணியின் சம்பள வரம்பு சுமார் 140 மில்லியன் டாலர். என்பிஎல் அணியின் வரம்பு அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. பெர்த்திலிருந்து ஆக்லாந்துக்குப் பறப்பது 5000 கிலோமீட்டருக்கு மேல். லமெலோ பால், ஜாஷ் கிடி, அலெக்ஸ் சார் போன்ற இளைஞர்களுக்கு அது ஒரு சீசன் தங்கிப் போகும் சத்திரம். லமெலோ 12 ஆட்டம் ஆடி, பாதத்தில் அடிபட்டுக் கிளம்பினார். 2020 டிராஃப்டில் மூன்றாவது தேர்வு. மூவருமே முதல் ஆறு தேர்வுக்குள் போனவர்கள்தான்.

18.
பெண்கள் பக்கம் பார்த்தால் இன்னும் வேதனை. ஆஸ்திரேலியப் பெண்கள் லீக் அவர்களின் கோடையில், அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ இவர்களின் கோடையில். இரண்டிலும் சம்பளம் போதாத காலத்தில், வீராங்கனைகள் இங்கே முடித்ததும் விமானம் ஏறி அங்கே போனார்கள். ஒவ்வொரு லீக்கும் தன் அளவில் சின்னதுதான். ஆனால் உடம்பு ஒன்றுதானே! இரண்டு அட்டவணையையும் கூட்டிப் பார்க்க யாருமில்லை.

19.
லாரன் ஜாக்சன். மூன்று முறை டபிள்யூஎன்பிஏ எம்விபி. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ரஷ்யா என்று ஆண்டு முழுக்க ஆடியவர். 2016இல் 34 வயதில் முட்டி ஒத்துழைக்காமல் விலகினார். 2022இல் திரும்பி வந்து, 41 வயதில் உலகக் கோப்பை வெண்கலப் பதக்க ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தார். எல்லோரும் கைதட்டினோம். எனக்கு இடையில் போன வருடங்கள்தான் கண்ணில் நின்றன.

20.
டயானா டவ்ராசி கதை இன்னும் விசித்திரம். 2015இல் அவருடைய ரஷ்ய கிளப், அமெரிக்க சீசனை விட்டுவிட்டு ஓய்வெடுக்க அவருக்குப் பணம் கொடுத்தது. அமெரிக்க லீக் ஆடுவதற்குக் கொடுத்த சம்பளத்தைவிட அது அதிகம்! ஓய்வுக்கு ஒரு விலை உண்டு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

21.
சரி, என்ன செய்யலாம்? கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் பல வருடமாக 72 ஆட்டம் போதும் என்கிறார். ஆனால் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால் போதாது. 2020-21இல் கோவிட் காரணமாக 72 ஆட்டம்தான் ஆடினார்கள். டிசம்பர் 22இல் தொடங்கி மே நடுவில் முடித்தார்கள். ஐந்து மாதம்கூட இல்லை. இடைவெளி அதே இரண்டு நாள்! அந்த வருட பிளே ஆஃபில் கவாய் லெனார்ட், ஆன்டனி டேவிஸ், கைரி இர்விங் எல்லோரும் காயத்தில் வெளியே போனார்கள். மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டு ஒரே வேளையில் விழுங்கச் சொன்ன கதை.

22.
என்பிஏ தலைவர் ஆடம் சில்வர் 2025 ஜனவரியில், கால் பகுதி ஒவ்வொன்றும் 10 நிமிடமாக இருந்தால் தனக்குப் பிடிக்கும் என்றார். அதாவது என்பிஎல் போல 40 நிமிட ஆட்டம். 82 x 40 = 3280 நிமிடம். இன்றைய 48 நிமிடக் கணக்கில் அது 68 ஆட்டத்துக்குச் சமம். ஒரு டிக்கெட்டும் குறையாமல் 14 ஆட்டம் அளவு சுமை குறையும். ஆனால் பயணமும் தூக்கக் கேடும் அப்படியே இருக்கும். பாதி மருந்து.

23.
என் யோசனை: அதே ஆறு மாதம், 65 ஆட்டம், அடுத்தடுத்த இரவு ஆட்டமே கிடையாது. விருதுக்கு 65 போதும் என்று லீக்கே சொல்லிவிட்டதே, அப்புறம் மீதி 17 எதற்கு? பணத்துக்கு. 2024இல் கையெழுத்தான 11 வருட டிவி ஒப்பந்தம் சுமார் 76 பில்லியன் டாலர். ஆட்டம் குறைந்தால் முதலாளியும் வீரரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். இத்தனை பெரிய தொகையில் விட்டுக்கொடுக்க இடமே இல்லைன்னா, நம்புற மாதிரி இல்லை.

24.
ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு வார்த்தை. 28 ஆட்டம் 29 ஆச்சு. 2025-26இல் 33. மெல்ல மெல்ல ஏறுது. கூட்டம் வருது, ஆசையும் வருது. உங்க லீக்கின் பலமே ஆட்டம் அபூர்வமா இருப்பதுதான். அதை விற்றுவிட்டால் அடுத்து உங்க டாக்டரும் சீட்டு எழுதணும்.

25.
படிக்கிறவர்களில் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குப் போகிறவர்கள் இருப்பீங்க. கெண்டைக்கால் பிடித்திருந்தால் அன்றைக்கு ஆடாதீங்க. ஓடும்போது பின்னாலிருந்து யாரோ குதிகாலில் உதைத்த மாதிரி இருந்து, திரும்பினால் யாரும் இல்லைன்னா, தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்க. உங்களுக்கு 40 மில்லியன் டாலர் ஒப்பந்தம் எதுவும் காத்திருக்கலை. அதனால் நீங்கள் தாராளமா ஓய்வெடுக்கலாம்!