பஞ்சாரத்துக்குள்ளே ஒரு பட்டினி!

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது காளப்பநாயக்கன்பட்டி. முட்டைக்குப் பேர்போன மாவட்டம். பெரிய பண்ணைகளில் குஞ்சுகளுக்கு வைட்டமின் கலந்த தீவனம் நாள் தவறாமல் கிடைக்கிறது. வீட்டு வாசலில் வளரும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு?

பருந்துக்கும் பூனைக்கும் பயந்து, அவற்றைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கிறோம். உள்ளே அரிசிக் குருணையும் தண்ணீரும் மட்டும். வயிறு நிறைந்துவிடும். ஆனால், தாயோடு மேய்ந்தால் கிடைக்கிற கீரையும் பூச்சியும் வெயிலும் கிடைக்காது.

இரண்டு, மூன்று வாரத்தில் சில குஞ்சுகளுக்குக் கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். கண் தெளிவாக இருக்கும், தீனியும் எடுக்கும். நடக்க மட்டும் முடியாது. 'வாதம் வந்துடுச்சு' என்று ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலும் அது வைட்டமின் பி2 குறைபாடு. டி3 குறைந்தால் கால் எலும்பு வளையும், அலகு மெத்தென்று ஆகும். பி1 குறைந்தால் தலை பின்பக்கமாக வளைந்து, குஞ்சு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

இந்த பி1 கதை தொடங்கியதே கோழியிடம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவா தீவில் டச்சு மருத்துவர் ஐக்மான் வளர்த்த கோழிகளுக்குத் திடீரெனக் கால் தளர்ந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்தார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டில் இருந்த சத்துதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. ஐக்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

* குருணையோடு தவிடு, கம்பு மாவு சேருங்கள். மோர் விட்டுப் பிசைந்து தரலாம். மிச்சம் புளிப்பதற்குள் எடுத்துவிடுங்கள்.

* முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். கரையான் கிடைத்தால் இன்னும் நல்லது.

* காலை வெயிலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒரு மணி நேரமாவது மேயவிடுங்கள்.

* தாய்க்கோழிக்கும் நல்ல தீனி வேண்டும். அதன் குறை முட்டை வழியே குஞ்சுக்கும் வரும்.

ஒரு எச்சரிக்கை: கழுத்து திருகி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் அது கோழிக்கழிச்சல் நோயாக இருக்கலாம். அதற்குக் கீரை போதாது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து வையுங்கள்.

விரல் சுருண்ட குஞ்சுக்கும் காலதாமதம் ஆகாது. ஆரம்பத்திலேயே சத்து கொடுத்தால் எழுந்துவிடும். நரம்பு கெட்ட பிறகு எழாது. நாளைக் காலை பஞ்சாரத்தைத் தூக்கும்போது, குஞ்சுகளின் விரல்களை ஒருமுறை பாருங்கள்.